கமலாசனி போட்ட களம்

கணவன் இறந்தபின், ஒட்டுசுட்டானுக்கு அப்பால் இருந்த குடியேற்றத் திட்டத்தில் கமலாசனிக்கு மிஞ்சியவை வயற்காணியும் மகன் தில்லைநாதனும்தான். மீசை முளைத்த மகனுக்குச் சிறுபிள்ளையின் அறிவு. காணியை அவன் பெயருக்கே எழுதவேண்டும் என்று அரச அலுவலகமான கந்தோரில் கேட்டாள். அவளுக்குப் பிறகு அவன் எவர் வாசலிலும் சோற்றுக்கு நிற்கக் கூடாது.

கணவனின் தம்பி ஐயாத்துரைக்கு அந்தக் காணியில் ஒரு கண். "களத்துக்குள்ளை விடேலாத பெடியனுக்கு வயலோ மச்சாள்?" என்றான்.

ஏன் விடவில்லை? சூடு மிதிக்கும், அதாவது மாடுகளை விட்டுக் கதிரடிக்கும், களத்தில் நெல்லைப் 'பொலி' என்றுதான் சொல்லவேண்டும். 'நெல்' என்றால் பூதம் அள்ளிப்போய்விடுமாம். தில்லைநாதன் நெல்லைக் கண்டால் நெல் என்றே சொல்வான். ஆகவே வருடந்தோறும் அவனைக் கலைத்தார்கள். உண்மை சொன்னவனைத் துரத்திவிட்டு, அவனுக்கு வேலை தெரியாது என்று தீர்ப்பும் சொன்னார்கள்! பெண்களுக்கும் களத்தில் இடமில்லை.

தில்லைநாதனால் வயல் செய்ய முடியுமா என்று சமூக சேவைக் கந்தோர் அதிகாரி நேரில் பார்த்து முடிவு சொல்வதாக இருந்தது. அறுவடை முடிந்ததும் கமலாசனி தன் வயலிலேயே களம் போட்டாள். தானும் இறங்கினாள். மகன் கையில் மாட்டுக் கயிற்றைக் கொடுத்தாள்.

அதிகாரி வந்தபோது வரம்பெல்லாம் சனம். தில்லைநாதன் கதிர்களின் மேல் மாடுகளை வட்டமாக ஓட்டிக்கொண்டிருந்தான். நின்றுவிட்ட மாட்டை அடிக்காமல், தடவி நடத்தினான்.

"தம்பி, காலடியிலை கிடக்கிறது என்ன?" என்றார் அதிகாரி.

"நெல்லு!"

ஐயாத்துரை தலையில் கைவைத்தான். "போச்சு, எல்லாம் போச்சு!"

"இன்னும் பலத்துச் சொல்லு ராசா. சித்தப்பாவின்ரை பூதத்துக்குக் காது மந்தமாம்," என்றாள் கமலாசனி.

வரம்பு முழுவதும் சிரிப்பு. நெற்குவியலை எந்தப் பூதமும் அள்ளவில்லை; அது அப்படியே கிடந்தது.

அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. "வேலை செய்யிறார், சரி. நெல்லை விக்கேக்கை ஏமாத்திப் போடுவாங்களே அம்மா. உங்களுக்குப் பிறகு ஆர் பாக்கிறது?"

"அதுக்குத்தானே கந்தோர் வைச்சிருக்கிறியள்? நான் தருமம் கேக்கேல்லை ஐயா. போகத்துக்கு ஒருக்கா வந்து பாருங்கோ. விக்கேக்கை பக்கத்திலை நில்லுங்கோ."

"அப்பிடியொரு வழக்கம் கந்தோரிலை இல்லையே."

"இல்லாட்டி உண்டாக்குங்கோ."

உண்டாக்கினார்கள். காணி தில்லைநாதன் பெயருக்கு வந்தது. போகந்தோறும் அதிகாரி வந்து பார்க்கும் ஏற்பாடும் கூடவே வந்தது. இரக்கப்பட்டவன் மறந்தால் கேட்க வழியில்லை. கடமைப்பட்டவனைக் கேட்கலாம். ஒரு போகம் அதிகாரி வரவில்லை. கமலாசனி மகனைக் கூட்டிக்கொண்டு கந்தோருக்கே போய், அவர் முன்னால் இருந்த கதிரையில் அவனை இருத்தினாள்.

"வயல்காரர் வந்திருக்கிறார். எப்ப வாறியள் எண்டு அவருக்குச் சொல்லுங்கோ."