நீலச் சட்டை வேண்டாதவன்

ஜாவோரிஸ் பெட்வே நீலச் சட்டையைக் கொண்டுவந்து என் சாமான் அறை ஜன்னல் பலகையில் வைத்தான். வைத்துவிட்டுச் சும்மா போகவில்லை. அதன் சுருக்கங்களை உள்ளங்கையால் நீவிவிட்டான். சர்ச் விருந்துக்கு இரவல் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பித் தருகிறவர்கள்கூட இவ்வளவு மரியாதை காட்ட மாட்டார்கள்.

"குட் மார்னிங், மிஸ் வெர்னெல். யாரோடதோ தெரியல, இது என் அலமாரியில தொங்குது."

"உன்னோடதுதான்டா. முதுகைப் பாரு, உன் நம்பர்."

"நம்பர் என்னோடது. கலர் என்னோடது இல்ல. வெள்ளை ஒண்ணு குடுங்க."

பயிற்சி இருக்கும் காலையெல்லாம் இதே பேச்சுதான். நான் நீலத்தை வாங்கி, முணுமுணுத்துக்கொண்டே வெள்ளையை எடுத்து வீசுவேன். அவன் ஒற்றைக் கையால் பிடிப்பான். சட்டை என்றாலும் சாக்ஸ் என்றாலும் பந்து என்றாலும் அவனுக்கு ஒன்றுதான். காற்றில் வருவது எதையும் கீழே விழ விடமாட்டான்.

எங்கள் ஆட்டம் பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்கக் கால்பந்து. எங்கள் கல்லூரி அணியில் எதையும் முகத்துக்கு நேரே சொல்கிற வழக்கம் கிடையாது. சட்டைதான் சொல்லும். பந்தைக் கொண்டுபோய்ப் புள்ளி எடுக்கிறவர்களுக்கு வெள்ளை. அவர்களை மறித்துத் தடுக்கிறவர்களுக்கு நீலம். தலைமைப் பயிற்சியாளர் கோச் டாலிவர் முந்தின மாலையே என்னிடம் சொல்லிவிடுவார். நான் துவைத்து, உலர்த்தி, அவரவர் அலமாரியில் தொங்கவிடுவேன். நேற்று வரை வெள்ளை தொங்கிய இடத்தில் இன்று நீலம் தொங்கினால், தம்பி, உன் இடம் மாறிவிட்டது என்று அர்த்தம். பெரிய பெரிய பையன்கள் அதைப் பார்த்து அலமாரிக்குள் தலையை விட்டு அழுதிருக்கிறார்கள். அழுதுவிட்டு மாட்டிக்கொண்டு போவார்கள். திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தவன் நான் பார்த்தவரை இவன் ஒருவன்தான்.

ஆளைப் பார்த்தால் இவ்வளவு வீம்பு எங்கே தங்கியிருக்கிறது என்று தோன்றும். ஒல்லி. குள்ளம் என்று சொன்னால் கோபம் வரும், அதனால் உயரம் போதாது என்று சொல்கிறேன். முழங்கால் இரண்டும் உள்பக்கம் சாய்ந்திருக்கும். நடக்கும்போது ஏதோ தொலைத்தவன் மாதிரி தடுமாறுவான், ஓடும்போது மட்டும் எல்லாம் நேராகிவிடும். மற்ற பையன்கள் பந்து ஒட்டிக்கொள்ளும்படியான கையுறைகளுக்கு என் உயிரை எடுப்பார்கள். இவன் வெறுங்கை. எப்போதும் வினிகரில் ஊறிய வெள்ளரிக்காய் ஜாடி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரிவான். வெள்ளரிக்காயைக் கூட இருப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டு அந்தப் புளித்த தண்ணீரைத் தான் குடிப்பான். கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளாமல் இருக்குமாம். கதவைக் கையால் திறக்கிற பழக்கம் கிடையாது, தோளால்தான் இடிப்பான். என் அறைக் கதவின் கீல் இந்த வசந்தத்தில் கழன்றதற்கு அவன்தான் காரணம்.

வயது பதினெட்டு. பள்ளி முடிய இன்னும் சில மாதம் இருக்கும்போதே படிப்பை முடித்துக்கொண்டு ஜனவரியில் இங்கே வந்துவிட்டான். கூடப் படித்தவர்கள் கடைசி நடன விருந்துக்கு உடுப்பு தேடிக்கொண்டிருக்க, இவன் எங்கள் மைதானத்தின் பனியில் மூக்கொழுக நின்றான். எல்லாம் இந்த வசந்தகாலப் பயிற்சிக்காகத்தான். ஆட்டங்கள் நடப்பது இலையுதிர் காலத்தில் என்றாலும், யார் களத்தில் இறங்குவது, யார் ஓரத்தில் நின்று கைதட்டுவது என்பது ஏப்ரலுக்குள் முடிவாகிவிடும்.

தூரம் ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கும் ரிசீவராகத்தான் அவனைக் கூட்டிவந்தார்கள். அவனோடு டெக்ஸஸிலிருந்து கேனன் ஹோல்கம் என்று இன்னொரு முதலாண்டுப் பையனும் வந்து சேர்ந்தான். அவன் உட்கார்ந்தால் இவன் நிற்கும் உயரம் இருப்பான். நல்ல பிள்ளை, ஒவ்வொரு வாக்கியத்திலும் இரண்டு 'மேடம்' போடுவான், அதனால் அவன்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் அவனை ஒரு முறை ஓடவிட்டுப் பார்த்ததும் கோச்சுக்கு இவனுடைய உயரம் கண்ணை உறுத்த ஆரம்பித்தது. "வெர்னெல், பெட்வேக்கு நாளைக்கு நீலம் போடு. ஒருத்தனை மறிச்சுப் பந்தைத் தட்டிவிடுற வேலைக்கு அந்தக் காலு பொருத்தமா இருக்கும்" என்றார்.

அவன் அதைத் திருப்பித் தந்ததை மதியம் கோச்சிடம் சொன்னேன். அவர் பல்குச்சியை வாயின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டுச் சிரித்தார். சத்தம் போடுகிற மனிதர் அல்ல, காத்திருக்கிற மனிதர். அந்த வகைதான் ஆபத்து. "வெள்ளை கேட்டா வெள்ளை குடு. ஆனா தினமும் நீலத்தைத் தொங்கவிடு. அவனே களைச்சுப் போவான்."

அப்படித்தான் இந்தக் கூத்து தொடங்கியது. ரிசீவர்கள் வரிசையில் அவன் கடைசி. பந்து அவன் முறைக்கு வருவதற்குள் விசில் ஊதிவிடுவார்கள். முறை கிடைக்காமல் போனால் மற்றவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள், தரையை உதைப்பார்கள். இவன் கையைத் தட்டி "அடுத்தது!" என்று கத்துவான். அடுத்தது வராது. அவன் கத்துவதும் நிற்காது.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "ஏண்டா, அந்தப் பக்கம் போனா களத்துல இறங்கலாம்ல? இங்க வரிசையில கடைசியில நின்னு என்னத்தக் கண்ட?"

"மிஸ் வெர்னெல், பந்து மேல எழும்பி எனக்குன்னே வருது பாருங்க, அது வர்ற அந்த நேரம் இருக்கே, அதுக்குத்தான் நான் ஆடவே வந்தேன். அந்தப் பக்கம் போனா என்ன வேலை? அடுத்தவன் தட்டுல இருக்கறதைத் தட்டிவிடுற வேலை. எங்கம்மா என்னை அப்படி வளர்க்கல."

அவன் அம்மா அவனை எப்படி வளர்த்தாள் என்பது எனக்கு அன்று மாலையே தெரிந்தது. கெளுத்தி மீன் வெட்டும் ஆலையில் வேலை பார்க்கும் லொரீன் அவள். என் ஜன்னலில் சாய்ந்துகொண்டே அவளிடம் பேசினான். காதில் வைக்காமல் எல்லோரும் கேட்கும்படி போனைப் பலகைமேல் வைத்துவிட்டான். அவளுடைய குரலுக்கு அந்தக் கருவி போதவில்லை.

"அந்தச் சட்டையை மாட்டுனா உன் தோலு உரிஞ்சு போயிருமா? நீலம் உனக்கு நல்லாத்தான் இருக்கும், ஈஸ்டருக்குப் போட்டப்ப எல்லாரும் சொன்னாங்க!"

"அம்மா, இது ஈஸ்டர் இல்ல."

"இல்லதான். ஈஸ்டரன்னிக்காவது நீ சொன்ன பேச்சைக் கேட்ட. பக்கத்துல யாரு அது, மூச்சு விடறது?"

"சாமான் ரூம் மிஸ் வெர்னெல்."

"மிஸ் வெர்னெல், உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அந்த வெள்ளைச் சட்டையை எல்லாம் எங்கயாவது ஒளிச்சு வைங்க!"

நான் ஒளித்து வைக்கவில்லை. ஆனால் ஒருநாள் அவனே நீலத்தை மாட்டிக்கொண்டான். அதுதான் அவன் செய்த தப்பு.

முந்தின நாள் கேனன் ஹோல்கம் பந்து பந்தாகப் பிடித்துத் தள்ளியிருந்தான். உடை மாற்றும் அறையில் பையன்கள் சும்மா இருப்பார்களா? "பெட்வே, உன் தலைக்கு மேல பந்து போச்சே, பார்த்தியா? இல்ல, ஏணி வேணுமா?" என்று ஒருவன் கேட்டான். கேனன் பாவம், சிரிக்க மட்டும்தான் செய்தான். அந்தச் சிரிப்பு போதுமானதாக இருந்தது. மறுநாள் காலை ஜாவோரிஸ் என் ஜன்னலுக்கு வரவில்லை. எட்டிப் பார்த்தால் நீலச் சட்டையோடு மைதானத்தில் நிற்கிறான், நேராகக் கேனனுக்கு எதிரில்.

அன்று முழுவதும் கேனனுக்கு ஒரு பந்துகூடக் கிடைக்கவில்லை. அவன் எங்கே திரும்பப் போகிறான் என்பது அவனுக்குத் தெரியும் முன்பே இவனுக்குத் தெரிந்துவிடும். ரிசீவரின் புத்தி ரிசீவருக்குத்தானே தெரியும்! தட்டிவிட்டான், பிடுங்கினான், ஒன்றைக் கேனனின் தோளுக்கு மேலே எம்பிப் பறித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடினான். "ஏணி யாருக்குடா வேணும்?" என்று மைதானமே கேட்கக் கத்தினான். நானும் ஜன்னலிலிருந்து கைதட்டினேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்!

கோச் மட்டும் கைதட்டவில்லை. பல்குச்சியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அவர் தேடியது கிடைத்துவிட்டது. தன் வாயாலேயே தன் கேஸைக் கெடுத்துக்கொண்டவன் மாதிரி, இந்தப் பயல் தன் காலாலேயே கெடுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை அவனைக் கூப்பிட்டார். என் கதவுக்கு வெளியேதான் நின்று பேசினார்கள்.

"தம்பி, நாளைக்கு வசந்த ஆட்டம். நீலம் போட்டா முதல் ஆளா இறங்குற. இலையுதிர் காலத்துல ஒவ்வொரு ஊருக்கும் எங்களோட பஸ்ஸுல வர்ற. வெள்ளை போட்டா வரிசையில கடைசி. வருஷம் பூரா மத்தவங்க இடிச்சுப் பழக மெத்தையைப் பிடிச்சுக்கிட்டு நிப்ப. நான் மிரட்டல, உள்ளதைச் சொல்றேன்."

"தெரியும், சார்."

"நீ அங்க எவ்வளவு நல்லா ஆடுன தெரியுமா?"

"தெரியும், சார். கோவத்துல ஆடுனேன். தினமும் கோவமா இருக்க என்னால முடியாது."

அவர் போன பிறகு அவன் ஜன்னலுக்கு வந்தான். நான் வெள்ளையைக் கொடுத்தேன். வீசவில்லை, கையில் கொடுத்தேன். எனக்கு அவன்மேல் அப்படி ஒரு கோபம். இவ்வளவு நல்ல வாய்ப்பைக் காலால் உதைக்கிறானே!

வசந்த ஆட்டத்தில் வெள்ளையும் நீலமும் மோதும். தடுப்பவர்களுக்கும் கணக்கு வைத்துப் புள்ளி கொடுப்போம். ஜெயித்தவர்களுக்குத் தணலில் சுட்ட கையகல மாட்டிறைச்சி. தோற்றவர்களுக்கு, பன்றிக் கொழுப்பைக் கண்ணிலும் காட்டாமல், வெறும் தண்ணீரில் வெந்த காராமணி. ஒரே கொட்டகையில் எதிரெதிர் மேசைகளில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பரிமாறுவது சாமான் அறைக்காரர்களாகிய நாங்கள்.

ஜாவோரிஸை முக்கால்வாசி ஆட்டத்துக்கு வெளியிலேயே உட்காரவைத்தார்கள். வெள்ளை தோற்பது உறுதியான பிறகு, கூட்டம் எழுந்து காரைத் தேடிக் கிளம்பும் நேரத்தில் உள்ளே விட்டார்கள். ஒரே ஒரு பந்து அவனுக்கு வந்தது. மேலே எழும்பி, அவனுக்கென்றே வந்தது. இரண்டு கையும் அதைத் தொட்டன. நழுவிக் கீழே விழுந்தது.

காற்றில் வருவது எதையும் விடாதவன் அதை விட்டான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீலப் பக்கத்திலிருந்து ஒருவன், "பெட்வே, உன் சட்டை இங்க தொங்குது, வாடா!" என்று கூவினான். ஜாவோரிஸ் கையைத் தட்டினான். "அடுத்தது!"

அடுத்தது பந்து அல்ல. அந்த ஓரமாக வேறொருவன் பந்தோடு ஓட, எதிரியை மறித்து அவனுக்கு வழி உண்டாக்குவது இவன் வேலை. ரிசீவர்களுக்குப் பிடிக்காத வேலை, பாதிப் பேர் தொட்டதுபோலக் காட்டிவிட்டு நின்றுவிடுவார்கள். இவன் தன்னைவிட இரண்டு மடங்கு பெரிய மூன்றாமாண்டுப் பையனின் மார்பில் தோளைக் கொடுத்தான். என் கதவை இடிக்கிற அதே தோள். தள்ளினான், தள்ளினான், களத்தின் கோட்டைத் தாண்டி, நீலக்காரர்களின் பெஞ்சைத் தாண்டி, ஐஸ் தொட்டிக்குள் அவனை உட்காரவைத்த பிறகுதான் விசில் கேட்டது. பந்தோடு ஓடியவன் யாரும் தொடாமல் கடைசிக் கோடு வரை போய்விட்டான். தோல்வி தோல்விதான், ஆனால் காருக்குக் கிளம்பிய கூட்டம் நின்று திரும்பிப் பார்த்தது.

"யாருடா இவன், பைத்தியமா?" என்றான் தொட்டிக்குள் இருந்தவன்.

"வெள்ளைச் சட்டை" என்று சொல்லிவிட்டு அவனைக் கைகொடுத்துத் தூக்கினான் ஜாவோரிஸ்.

கொட்டகையில் வெள்ளை மேசை அமைதியாக இருந்தது. கேனன் ஹோல்கம் காராமணியை ஒவ்வொன்றாக எண்ணுகிறவன் மாதிரி தின்றுகொண்டிருந்தான். ஜாவோரிஸ் மிளகாய்ச் சாற்றைக் கொட்டித் தட்டைக் காலி செய்திருந்தான். அப்போது கோச் டாலிவர் எதிர் மேசையிலிருந்து ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆவி பறக்கும் இறைச்சி, மேலே வெண்ணெய் உருகிக்கொண்டிருந்தது. கொட்டகை முழுவதும் தலைகள் திரும்பின. அதை அவன் முன்னால் வைத்தார்.

"ஆறிடப் போகுது தம்பி. அந்த மேசையில ஒரு நாற்காலி உனக்காகக் காலியா இருக்கு. எப்பவும் இருக்கும்னு நெனைக்காத."

ஜாவோரிஸ் குனிந்து அதை நன்றாக முகர்ந்தான். "அருமையான வாசனை கோச். நீங்க சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்ப உக்காந்து சாப்பிடுங்க, சார்." எழுந்து, தன் நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டான். பிறகு தன் காலித் தட்டை எடுத்துக்கொண்டு நான் நின்ற அண்டாவுக்கு வந்தான்.

"இன்னொரு கரண்டி, மிஸ் வெர்னெல்."

"டேய், இதை நாய்கூட மோந்து பாக்காதுடா. நான் சொல்றேன்."

"தெரியும். அடியில பிடிச்சதையும் வழிச்சுப் போடுங்க."

ஒரு கரண்டி போட்டேன். தட்டு நகரவில்லை. இன்னொன்று போட்டேன். கோச் அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் திரும்பவில்லை, இரண்டு கையாலும் தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினான்.