ஏழு மணிக்குத் திறக்க வேண்டிய மதகு

இதைச் சொல்வதால் எனக்கு ஒரு லாபமும் இல்லை. மேலதிகாரியிடம் சொன்னதற்குப் பத்து நாள் லீவு போட்டுத் தூங்கச் சொன்னார். தூங்கியும் பார்த்துவிட்டேன். நடந்தது நடந்ததுதான்.

நான் அணையின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்ப்பவன். மதகுகளைத் திறப்பதும் மூடுவதும் என் மேசையில் இருக்கும் பொத்தான்களில்தான். அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. இருக்கிற கொஞ்சத் தண்ணீருக்கு மூன்று பேர் இழுபறி. படகுத்துறை மேலாளருக்கு நீர்மட்டம் ஒரு சாண்கூடக் குறையக் கூடாது. படகுப் போட்டி நெருங்குகிறது. மின் நிலையத்துக்காரருக்குச் சாயங்காலம் ஆனால் தண்ணீர் விட வேண்டும். ஊர் முழுக்க விளக்குப் போடும் நேரம். குடிநீர் வாரியத்து மேடத்துக்கு நகரத்தின் தொட்டிகள் நிரம்ப வேண்டும். ஒருவருக்கு விட்டால் மற்ற இருவரும் போனில் என்னைக் காய்ச்சி எடுப்பார்கள். மேசை மேல் மூன்று போன்கள். எனக்கு இருப்பதோ இரண்டே காதுகள்.

உடன் வேலை பார்ப்பவருக்குக் காய்ச்சல். மூன்று நாளாக நான் ஒருவனே. மதியம் மனைவி கூப்பிட்டாள்.

"என்ன, அங்கயே குடித்தனம் வச்சுட்டீங்களா?"

சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

மாலை ஆறு மணிக்குக் குடிநீர் மேடம்.

"சார், கொஞ்சமாவது திறந்து விடுங்க. ஆஸ்பத்திரித் தொட்டியே காலி."

"மின் நிலையம் முடிச்சுக்கட்டும் மேடம். ஏழு மணிக்குத் திறந்துடறேன்."

நகரத்துக்கான தண்ணீர் ஒரு சுரங்கம் வழியாகப் போகும். மதகு மூடியிருந்தால் அதற்குள் ஆள் நடந்து போகலாம். திறந்துவிட்டால் சில நொடிகளில் கூரை முட்டத் தண்ணீர்.

ஆறே கால். சுவரில் இருக்கும் நாலாவது போன் அடித்தது. அது சுரங்கத்தின் கோடியிலிருந்து வருவது. பழுது பார்க்க இறங்குகிறவர்களுக்காக வைத்தது. அன்று யாரும் இறங்கவில்லை.

"சார்... தண்ணி முழங்காலுக்கு வந்துருச்சு."

ஆண் குரல். பதற்றமே இல்லை. என்னைப் போலவே அலுத்துப்போன குரல்.

"யாருய்யா அது? உள்ள எப்படிப் போன?"

டொக். வைத்துவிட்டான்.

திரையைப் பார்த்தேன். மதகு மூடியே இருந்தது. சுரங்கத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை என்று காட்டியது.

மறுபடி அடித்தது.

"இடுப்புக்கு வந்துருச்சு சார்."

கொஞ்ச நேரத்தில் மறுபடியும்.

"நெஞ்சுக்கு..."

கருவி பழுதாகியிருக்கலாம். உள்ளே ஒரு உயிர் போய்க்கொண்டிருக்கலாம். காவலாளிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. டார்ச்சையும் சுரங்கக் கதவின் சாவியையும் எடுத்தேன். அறையைப் பூட்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு படிகளில் ஓடினேன்.

சுரங்கத்தின் இரும்புக் கதவு வெளிப்பக்கம் பூட்டியிருந்தது. பூட்டின் மேல் சிலந்தி வலை.

அப்போதே திரும்பியிருக்க வேண்டும். தூக்கம் கெட்ட மூளைக்கு அது உறைக்கவில்லை. திறந்து உள்ளே போனேன்.

தரை காய்ந்து கிடந்தது. ஒரே புழுதி. என் காலடிச் சத்தம் மட்டும்... டப்... டப்... டப்...

"யாராவது இருக்கீங்களா?"

எதிரொலி வந்தது. கொஞ்சம் தாமதமாக வந்தது.

கோடியில் போன். ரிசீவர் கீழே தொங்கியது. ஆடிக்கொண்டிருந்தது. அங்கே காற்றே இல்லை.

தரையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். புழுதியில் ஒரு காலடித் தடமும் இல்லை. என்னுடையதைத் தவிர.

ரிசீவரைக் காதில் வைத்தேன்.

கிறீச்...

என் நாற்காலி. யாராவது சாய்ந்து உட்கார்ந்தால் அப்படித்தான் கத்தும்.

அறை பூட்டியிருக்கிறது. சாவி என்னிடம்.

மேசை மேல் போன் அடிப்பது கேட்டது... ட்ரிங்... ட்ரிங்...

யாரோ எடுத்தார்கள்.

"சொல்லுங்க மேடம்."

என் குரல்.

ஓடினேன். விழுந்தேன். எழுந்து ஓடினேன். வெளியே வந்து கதவைச் சாத்திய பிறகுதான் மூச்சே வந்தது.

கட்டுப்பாட்டு அறை பூட்டியபடியே இருந்தது. உள்ளே யாரும் இல்லை. போன்கள் அதனதன் இடத்தில். உட்கார மனசு வரவில்லை. நின்றுகொண்டேதான் ஏழு மணிக்கு மதகைத் திறந்தேன்.

மறுநாள் மேடத்தை நானே கூப்பிட்டேன்.

"நேத்து ஏழு மணிக்கு முன்னாடி எனக்கு மறுபடியும் போன் பண்ணீங்களா?"

"பண்ணேனே சார். கொஞ்சம் சீக்கிரமாத் திறக்க முடியுமான்னு கேக்கத்தான். நீங்கதானே எடுத்தீங்க? எப்பவும் எரிஞ்சு விழுவீங்க. நேத்து அவ்வளவு பொறுமை."

"நான் என்ன சொன்னேன்?"



"விளையாட்டுக்குச் சொல்றீங்கன்னு நினைச்சேன் சார். 'சுரங்கத்துக்குள்ள ஒருத்தர் இருக்கார். இப்பவே திறக்கட்டுமா?'ன்னு கேட்டீங்க. நான் பதறிப்போய் வேணவே வேணாம்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"விடவே இல்ல சார். திரும்பத் திரும்பக் கேட்டீங்க... 'நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மேடம். உங்களுக்குத் தண்ணி வேணுமா, வேணாமா?'ன்னு."