பதினேழாவது உடை

முகாமின் பொது அறையில் ஒரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. நாற்காலிகள் இருபத்திரண்டு, அவற்றில் மூன்றுக்குக் கால் ஆட்டம். எண்பத்தாறாம் ஆண்டுத் தொடக்கம். டேனிஷ் ஊரான ஹேர்னிங்குக்குப் பக்கத்தில், அகதி விசாரணைக்காக நாங்கள் காத்திருந்தோம். ஞாயிறு பிற்பகல்களில் பழைய ஹொலிவூட் படங்கள் போடுவார்கள், மேடை ஆட்டக்காரிகளைப் பற்றியவை. பதினாறு வயது மகளுக்கு ஆங்கில வசனத்தை விளக்கிக்கொண்டே பார்ப்பேன்.

கணக்கு வாத்தியாராக இருந்தவன். இன்று எண்பத்தொரு வயதாகியும் எண்ணாமல் பார்க்க வரவில்லை. முதற்படத்தில் ஒரே வரிசையில் நாற்பத்தெட்டுப் பெண்கள், அத்தனை பேரும் வெள்ளை. கறுப்புப் பெண் ஒருத்தி நாயகிக்கு மேலங்கி பிடித்துக்கொடுக்க நான்கு தடவை வந்தாள். பேசியது ஒன்பது சொல். மூன்றாவது படத்தில் கீழைநாட்டு அரண்மனை. அங்கும் பன்னிரண்டு வெள்ளைப் பெண்கள்தான், உடம்பெல்லாம் மண்ணிறப் பூச்சுடன். ஐந்து படங்கள் பார்த்தேன். எங்கள் நிறத்தில் ஒருத்திகூட வரிசைக்குள் நிற்கவில்லை. மகள் அதைக் கவனிக்கவில்லை. ஆடுகிற கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நடையில் நின்று ஆடிப் பார்த்தாள்.

டேனிஷ் படிப்பிக்க வந்த பெண்மணி அதைக் கண்டார். ஊர் மண்டபத்தில் வசந்த விழாவுக்கு அதேமாதிரி ஓர் ஆட்டம் போடுகிறார்களாம், மகளும் சேரட்டும் என்று ஒரு தாளை நீட்டினார். டேனிஷில் இரண்டு பக்கம். மகள் துள்ளினாள். நான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

நாட்டில் இருந்தபோது வேலணையில் கடை வைத்திருந்த பக்கத்து அறைக்காரர் சொன்னார்: "மாஸ்டர், யோசியாதேங்கோ. மாட்டன் எண்டால் பைலிலை எழுதிப்போடுவாங்கள். போன டிசம்பரிலை ஒருத்தன் நத்தார்ப் பாட்டுக்குப் போகேல்லை. இன்னும் அவனுக்கு விசாரணை வரேல்லை."

முகாமில் எல்லோரும் அப்படித்தான் நம்பினோம். கோப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டால்கூட மறுப்பதில்லை. வாசிக்காமல் கையெழுத்திட்டேன்.

ஒத்திகைக்கு நானும் போனேன். வரிசையில் ஊர்ப் பெண்கள் பதினாறு பேர், பதினாறு வெள்ளி உடைகள். பதினேழாவது உடை வேறு துணி, மகளுக்கு. நாயகி பல்லக்கிலிருந்து இறங்கும்போது அவள் ஓரத்தில் நின்று விசிறி வீசவேண்டும். "உங்கள் மகள் நின்றால்தான் உண்மைபோலத் தெரியும்" என்று பெண்மணி ஆங்கிலத்தில் சொன்னார், அன்பாகத்தான். பிறகு, விளக்கொளியில் அவள் நிறம் வெளிறுகிறது என்று, மண்ணிறப் பூச்சைப் பஞ்சில் தொட்டு அவள் கன்னத்தில் தடவினார்.

"அப்பா, நான் இருக்கிற நிறம் காணாதாமோ? வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

பதினாறு பேரும் என்னையே பார்த்தார்கள். விசாரணைக்கு ஆறு நாள் இருந்தது. எங்கள் கோப்பில் நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். "நல்லது, நன்றி" என்றேன்.

வெள்ளிக்கிழமை விசாரணையில் பொலிஸ் அதிகாரி நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள் கேட்டார். விழாவைப் பற்றி ஒன்றும் இல்லை. வெளியே வந்ததும், ஆட்டத்தை மறுத்தால் கோப்பில் ஏறுமா என்று மொழிபெயர்ப்பாளரிடம் மெதுவாக விசாரித்தேன். அவர் சிரித்துவிட்டார். "ஆட்டமோ? மாஸ்டர், உங்கடை பைல் எங்கை இருக்கெண்டே அந்தம்மாவுக்குத் தெரியாது. அவ படிப்பிக்க வாறா, அவ்வளவுதான்."

ஞாயிறு மதியம், விழாவுக்கு ஒரு மணித்தியாலம் முன்பு, மேடைக்குப் பின்னால் மகளைத் தேடிப் போனேன். கண்ணாடிக்கு முன்னால் தனியாக இருந்தாள். பூச்சைத் தானே பூசிக்கொண்டிருந்தாள், நெற்றியிலிருந்து கழுத்துவரை, ஓரிடம் விடாமல்.

"வா பிள்ளை, போவம். நான் அவவிட்டைச் சொல்லுறன். ஒண்டும் நடவாது, கேட்டுப்போட்டன்."

பூசுகிற அவள் கை நிற்கவில்லை. "அண்டைக்கு அத்தனை பேருக்கு முன்னாலை ஓம் எண்டனீங்கள். இப்ப ஆருமில்லாத இடத்திலை வந்து வா எண்டுறியள்."

"பிழைதான். வா."

"வரமாட்டன் அப்பா. கதவைச் சாத்திப்போட்டுப் போங்கோ. மற்றப் பிள்ளையள் உடுப்பு மாத்த வரப்போகினம்."

சாத்தினேன். மண்டபத்தின் கடைசி வரிசையில் ஓர் இடம் இருந்தது, உட்கார்ந்தேன்.