சங்கரா மீனை அரைத்துக் காட்டிய மிக்ஸிக் கடை அக்கா

ஸ்டெல்லா அக்கா போய்விட்டார். காலையில் அக்காவின் வீட்டுக்காரர், சார், போன் செய்தார். "தம்பி, அக்கா போயிட்டாங்க" என்று மட்டும் சொன்னார். 

திருவாரூரில் மிக்ஸி, கிரைண்டர் வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு அக்காவைத் தெரிந்திருக்கும். கீழ வீதிப் பக்கம் சின்னக் கடை. உள்ளே போனால் கடை வாசம் இருக்காது, சமையலறை வாசம்தான் இருக்கும்.

காரணம், அக்காவின் வழக்கம் அப்படி. மிக்ஸி வேண்டும் என்று போனால் எடுத்துக் காட்ட மாட்டார். "வீட்டுல எதை அரைப்பீங்களோ அதைக் கொண்டு வாங்க, இங்கேயே அரைச்சுப் பாத்துட்டு எடுத்துட்டுப் போங்க" என்று அனுப்பிவிடுவார். ஊறவைத்த உளுந்தும் தேங்காயும் மிளகுமாக ஆட்கள் தூக்குவாளியோடு நிற்பார்கள்.

ஒருமுறை கல்யாண வீட்டு அம்மா ஒருவர் முழு விரலி மஞ்சளோடு வந்துவிட்டார். "இதை மில்லுல குடுங்கம்மா, மிக்ஸி உடைஞ்சா புதுப் பொண்ணு மேல பழி வரும்" என்றார் அக்கா. கடையே சிரித்தது.

நான் போனது அப்பாவுக்காக...

அப்பா நாகப்பட்டினத்தில் போட் டிரைவராக இருந்தவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. எதையும் விழுங்கினால் புரையேறும். எல்லாவற்றையும் மசிய அரைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர்.

கஞ்சி கொடுத்தால் வாயை இறுக்கி மூடிக்கொள்வார். ஆயுசு முழுக்க மீன் சாப்பிட்ட மனுஷன். மீன் சோற்றை வீட்டில் இருந்த பெரிய மிக்ஸியில் அரைத்தால், ஒரு கைப்பிடிச் சோறு ஜாரின் சுவரில் அப்பிக்கொள்ளும். பிளேடு சும்மா சுற்றும். ஆள் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனார். எனக்குப் பயமாக இருந்தது.

அக்காவிடம் சொன்னேன். "ஐயாவுக்கு என்ன புடிக்கும்?" என்று கேட்டார்.

மறுநாள் டிபன் பாக்ஸில் சோறும் சங்கரா மீன் குழம்பும் கொண்டுபோனேன். முள்ளை எல்லாம் நானே எடுத்திருந்தேன். மூடியைத் திறந்ததும் பக்கத்து ஜவுளிக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னக்கா, ஹோட்டல் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றார்.

அக்கா கண்டுகொள்ளவில்லை. ஒவ்வொரு ஜாராகக் கவிழ்த்து, பிளேடை விரலால் சுற்றிப் பார்த்தார். "வாட்ஸைப் பாக்காதீங்க தம்பி, ஜாரைப் பாருங்க. மோட்டார் லேசுல போகாது, ஜார்தான் போகும். பிளேடு, வாஷர், கப்ளர் எல்லாம் நம்ம ஊர்ல தனியா கிடைக்கிற மாடலா வாங்கணும். அதுதான் உழைக்கும்."

முதல் ஜாரில் அரைத்தார். விரலால் எடுத்து வாயில் வைத்தார். "திப்பி இருக்கு. ஐயாவுக்குப் புரையேறும்." அடுத்ததும் சரியில்லை.

கடைசியாக ஓரத்தில் கிடந்த ஒரு குட்டி மிக்ஸி. பார்க்க லட்சணமே இல்லை, பச்சையும் இல்லாமல் நீலமும் இல்லாமல் ஒரு கலர். அதில் அரைத்து ஒரு ஸ்பூன் நிறைய எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக விழுங்கினார்.

"இது எறங்கும். புளிதான் கொஞ்சம் தூக்கல், நீங்கதான் சமைச்சீங்களா?"

அன்று மதியம் அப்பாவுக்கு ஊட்டினேன். முதல் ஸ்பூனுக்கு நான்தான் வாயைத் திறக்க வைத்தேன். இரண்டாவது ஸ்பூனுக்கு அவரே திறந்தார். இறங்கியது. புரையேறவில்லை. அப்புறம் குழறலாக ஒரு வார்த்தை சொன்னார்...

"சங்கரா."

படுத்த பிறகு அப்பா பேசிய முதல் வார்த்தை அதுதான். அதற்குப் பிறகு சில வருஷம் இருந்தார். அந்தக் குட்டி ஜார்தான் சோறு போட்டது.

போன மாதம்தான் தெரிந்தது, அக்காவுக்குத் தொண்டையில் கட்டி. அரைத்ததைத் தவிர எதுவும் இறங்காது. முந்தாநாள் அதே ஜாரில் மீன் சோறு அரைத்து எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

டப்பாவைப் பார்த்ததும் சார் சிரித்தார். ரிட்டயர்டு வாத்தியார் அவர். "அன்னிக்கு நீங்க கடைக்கு வந்தது லெந்து நாள் தம்பி" என்றார். ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாட்களில் அவர்கள் வீட்டில் கறி, மீன் எதையும் தொட மாட்டார்கள். "சின்ன வயசுலேருந்து ஒரு வருஷம் கூட விட்டதில்ல. அன்னிக்கு வீட்டுக்கு வந்து, மீன் சாப்பிட்டுட்டேங்க, வாயில வச்சுப் பாக்காம எப்படிக் குடுக்கிறதுன்னு சொன்னா."

 அக்கா இதை ஒரு வார்த்தை கூட என்னிடம் சொன்னதில்லை.

கட்டிலில் இருந்து அக்காவின் குரல் காற்றாக வந்தது. "சாப்பிடலைங்க... செக் பண்ணேன்."

ஊட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார், கடையில் விழுங்கிய அதே மாதிரி. கொஞ்சம் இருமினார். தண்ணீர் கொடுத்தேன்.

"திப்பி இருக்கு தம்பி. பிளேடு தேஞ்சிடுச்சு. மாத்திட்டுக் கொண்டு வாங்க."

பிளேடு வாங்கிவிட்டேன். அக்கா சொன்ன மாதிரியே நம்ம ஊரில் தனியாகக் கிடைத்தது. நேற்று சாயங்காலம் மாட்டினேன். இன்று காலை மார்க்கெட்டுக்குப் போய் சங்கரா வாங்கி, கழுவி வைத்திருந்தேன். அப்போதுதான் சார் போன்...

அடக்கம் நாளை மதியம். அக்காவிடம் மிக்ஸி வாங்கியவர்கள், முடிந்தால் வாருங்கள். சார் தனியாக இருக்கிறார்.

பிளேடு மாத்தியாச்சு அக்கா. விரலால் சுற்றியும் பார்த்துவிட்டேன், நன்றாகச் சுற்றுகிறது.

போயிட்டு வாங்க.