அரைக்கோப்பைத் தேநீரும் ஆங்கிலத் தேர்ச்சியும்

மார்கரெட் அரைக்கோப்பை தேநீர் குடித்தார், மீதியை வேண்டாம் என்றார், பதினொரு மணிவரை யன்னலோரம் இருந்தார். இதை நான் ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். நியூசிலாந்தின் ஹில்ஸ்பரோவில் உள்ள முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு விடயங்கள் எனக்குப் பிடிபடவே இல்லை. எண்பத்தெட்டு வயதுப் பெண்மணியை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது ஒன்று. அவர் குடித்த தேநீரைப் பதிவு செய்வது மற்றது. எங்கள் ஊரில் பெரியவர்கள் தேநீரை மிச்சம் விட்டால் வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், அவ்வளவுதான். அதற்கு எதற்குக் கையெழுத்து? ஆனாலும் ஏழு வருடமாக எழுதி வருகிறேன். தொடக்கத்தில் இரண்டு வரி எழுத இருபது நிமிடம் பிடித்தது. இப்போது பக்கம் பக்கமாக எழுதுகிறேன். அதை ஆங்கிலம் என்று நான் ஒருநாளும் கணக்கில் எடுத்ததில்லை.

நாற்பத்துநாலு வயதில், இங்கே பாடசாலையில் கணிதம் படிப்பிக்க வேண்டும் என்ற ஆசையில் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தேன். யாழ்ப்பாணத்தில் உயர்தரச் சோதனையில் இணைந்த கணிதத்துக்கு ஏ எடுத்தவள் நான். தெற்கில் இருந்த கம்பஸ் ஒன்றில் இடமும் கிடைத்தது. போகிற பாதைதான் யுத்தத்தால் பூட்டிக் கிடந்தது. பிறகு சில வருடம் டியூட்டரியில் கணிதம் படிப்பித்தேன். பிறகு கல்யாணம், விமானம், மவுண்ட் ரோஸ்கில்லில் ஒரு வாடகை வீடு. இருபது வயது கடந்தவர்களுக்கு இங்கே தனிவழி இருக்கிறது என்று அறிந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாடசாலைச் சோதனையை மறுபடி எழுதத் தேவையில்லை. ஆங்கிலமும் கணிதமும் தெரியும் என்பதற்கு இது, அல்லது அது, அல்லது இன்னொன்று என்று ஏதாவது ஒரு சான்று காட்டினால் போதும். ஒரே சோதனை, ஒரே வாசல், தவறினால் தவறியதுதான் என்று வளர்ந்தவளுக்கு அந்த 'அல்லது'களை நம்பவே பயமாக இருந்தது.

என் சேட்டிபிக்கற் பைலை எடுத்தேன். எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இடம்பெயர்ந்து ஓடும்போது நகைக்கு முதல் கையில் எடுப்பது அந்தப் பைலைத்தான். பொலித்தீன் பையில் சுற்றி, சட்டைக்குள் வைத்து, மழையில் நடந்தேன். அதற்குள் எதைப் போடலாம் என்றும் ஒரு முறை உண்டு: கல்யாணம் பேச வருகிறவர்கள் முன் விரிக்கக் கூடியது உள்ளே, மற்றது வெளியே. சாதாரண தரச் சோதனையில் ஆங்கிலம் கோட்டை விட்ட தாளை நான் பைலில் வைக்கவில்லை.

பல்கலைக்கழக அலுவலகத்துப் பெண் மிகவும் அன்பானவர். என் உயர்தரப் பெறுபேற்றைப் பார்த்ததும் கணிதம் சரி என்று உடனே குறித்துக்கொண்டார். இருபத்தைந்து வருடம் கழித்து ஒருவர் அந்த ஏயை மதித்தார். ஆங்கிலத்தில்தான் சிக்கல். காசு கட்டி எழுதுகிற ஆங்கிலச் சோதனையை இரண்டு முறை எழுதியிருந்தேன். இரண்டு முறையும் எழுத்துப் பகுதியில் அரைப் புள்ளி குறைவு. விண்வெளிக்குப் போவதற்குச் செலவழிப்பது சரியா என்று கேட்டிருந்தார்கள். அதைப்பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயமும் இல்லை.

"வேலை செய்யுமிடத்தில் ஏதாவது படித்தீர்களா?" என்று அவர் கேட்டார்.

"இல்லை, பராமரிப்பு வேலை மட்டும்தான்" என்றேன்.

அவர் அதை அப்படியே நம்பினார். வேறு ஏதாவது கிடைத்தால் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பச் சொன்னார். பிந்தினால் அடுத்த வருடம்தான்.

நான் சொன்னது பொய். வேலையோடு ஒன்றரை வருடம் படித்து, தடித்த பயிற்சிப் புத்தகங்களை ஆங்கிலத்தில் எழுதி நிரப்பி, முதியோர் பராமரிப்பில் நான்காம் நிலைச் சான்றிதழ் வாங்கியிருந்தேன். அது பைலில் இல்லை. ஊரில் அம்மாவுக்கும் சொந்தங்களுக்கும் நான் ஆசுப்பத்திரியில் வேலை என்றுதான் சொல்லியிருந்தேன். அந்தக் கதையோடு இந்தத் தாள் ஒத்துவரவில்லை.

புதன்கிழமை மாலை, சமையலறை லாச்சியை இழுத்து மைக்ரோவேவ் புத்தகத்தைத் தேடிய என் மகள் அபி அந்தச் சான்றிதழைக் கண்டெடுத்தாள். அவள் பதினேழு வயதுக்காரி, இங்கே பிறந்தவள்.

"அம்மா, வட் இஸ் திஸ்? இதை ஏன் அனுப்பேல்ல?"

"அது வயசுபோன ஆக்களைக் கழுவித் துடைக்கிறதுக்குக் குடுத்ததடி."

"இட்ஸ் லெவல் ஃபோர். யூ ரோட் ஆல் தட் இன் இங்கிலிஷ்." சற்று நின்று கேட்டாள்: "ஆர் யூ அஷேம்ட்?"

ஓம், வெட்கம்தான். கணிதத்தில் ஏ எடுத்தவளின் கை மலச்சட்டி கழுவுகிறதே என்ற வெட்கம். ஏழு வருடமாக என்னோடு வேலைக்கு வந்து, என்னோடு திரும்பி வந்த வெட்கம். சான்றிதழை அபி மேசையில் வைத்துப் படமெடுத்துத் தர, அதை அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பதில் வந்தது. இடம் கிடைத்திருந்தது. கீழே இரண்டு வரிகள்: கணிதம் இலங்கையிலிருந்து; ஆங்கிலம் நியூசிலாந்திலிருந்து. என்னைப்பற்றி எழுதப்பட்டவற்றில் அவ்வளவு சரியானதை நான் வாசித்ததில்லை.

அன்றே அம்மாவுக்குப் போன் எடுத்தேன். சந்தோசத்தில் விம்மினார். பிறகு கேட்டார்:

"உனக்கு இங்கிலீசு வராதே பிள்ளை. ஆரிட்டப் படிச்சனீ?"

"வேலை செய்யிற இடத்தில அம்மா."

"ஆசுப்பத்திரியிலயோ?"

"ஆசுப்பத்திரி இல்லையம்மா. வயசுபோன ஆக்கள் இருக்கிற இடம். குளிக்க வாக்கிறது, சாப்பாடு தீத்திறது, பிறகு எல்லாத்தையும் எழுதி வைக்கிறது. அதுதான் என்ர வேலை."

"என்னைக் குளிக்க வாக்கவும் இஞ்ச ஒரு பிள்ளை வருது," என்றார் அம்மா. "போன மாசம் தொடக்கம். நீ கவலைப்படுவாயெண்டு சொல்லேல்ல. நல்ல பிள்ளை. தண்ணியைத் தன்ர கையில ஊத்திப் பாத்திட்டுத்தான் எனக்கு ஊத்தும். நீயும் அப்பிடிப் பாக்கிறனியோ?"

"ஓம் அம்மா. பாக்கிறனான்."

அடுத்த நாள் காலை மார்கரெட்டைக் குளிப்பாட்டும்போது மணிக்கட்டில் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். சூடு சரியாக இருந்தது. பிறகு பேனாவை எடுத்து, மார்கரெட் இன்றைக்குத் தேநீர் முழுவதையும் குடித்தார் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அம்மா இன்றைக்கு எவ்வளவு குடித்தார் என்று எனக்குத் தெரியவில்லை. அங்கே அதை யாரும் எழுதி வைப்பதில்லை.