பெயர் போட்ட பைகள்

குப்பை லோரி வராத ஆறாவது நாள், புதன்கிழமை, எங்கள் லோரோங் சந்தின் முனையில் ஆப்பம் சுடும் அக்காவிடம் நகராண்மைக் கழக அதிகாரி ஒருவர் வந்து பேசிவிட்டுப் போனார். லோரித் தொழிலாளர்கள் வேலை நிறுத்தத்தில் இருந்தார்கள். சம்பளம் சரியாக வரவில்லை என்றார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது, அதில் எனக்குச் சண்டையில்லை. என் சண்டையெல்லாம் எங்கள் லோரோங்காரர்களோடுதான். வீட்டுத் தொட்டி நிறைந்ததும் மூட்டை கட்டிக் கொண்டுபோய், ஆப்பக் கடைக்குப் பக்கத்து விளக்குக் கம்பத்தடியில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்கள் போலத் திரும்பி வந்தார்கள். குவியல் இடுப்புயரம் ஏறிவிட்டது. வெள்ளிக்கிழமை காலைக்குள் இடம் சுத்தமாகாவிட்டால் கடையை எடுத்துவிட வேண்டும் என்பதுதான் அதிகாரி சொன்னது.

அக்காவுக்கு அந்தக் குடையும் அடுப்பும்தான் பிழைப்பு. அவர் கணவர் உடம்புக்கு முடியாமல் வீட்டோடு இருக்கிறார். கிள்ளானில் இந்தத் தாமான் குடியிருப்புக்கு நாங்கள் குடிவந்த நாள் முதல் எங்கள் காலைப் பசியை ஆற்றியவர் அவர். விஷயம் கேள்விப்பட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது. நான் பள்ளி அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவள். மேசையிலிருந்து பேனா காணாமல் போனால் எடுத்தது யார் என்று தெரியாமல் வீட்டுக்குக் கிளம்பியதில்லை. கைப்பேசியை எடுத்து லோரோங் வாட்ஸ்அப் குழுவில் பேசி அனுப்பினேன்.

“ஆள் இல்லாத நேரம் பாத்துக் கொட்டிட்டுப் போற பெரிய மனுஷங்க எல்லாரும் கேட்டுக்குங்க. யாரோட குப்பைன்னு கண்டுபிடிச்சேன்னா, அவங்க வாசல்லயே கொண்டு வந்து வெப்பேன். படமும் எடுத்துப் போடுவேன்.”

அன்று சாயங்காலமே கையுறை மாட்டிக்கொண்டு கம்பத்தடிக்குப் போனேன். மின்சார பில்லோ பார்சல் உறையோ, ஏதாவது ஒன்றில் முகவரி இல்லாமலா போகும்? என் வீட்டுக்காரர் முழங்கால் வலி என்றார். அதெல்லாம் வந்து நின்றால் சரியாகிவிடும் என்று இழுத்துக்கொண்டு போனேன். அக்கா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிங்க லா. அடியில இருக்கறதுதான் மொதல்ல வந்தது,” என்றார்.

அவர் காட்டிய பக்கத்தில் மூன்றாவது மூட்டையை இழுத்ததும், அதற்கடியில் ஒரு சிவப்புத் துணிப்பை தெரிந்தது. அதன்மேல் பொன் எழுத்தில் பிள்ளையார், மண்டபத்தின் பெயர், தேதி, நடுவில் இரண்டு பெயர்கள். என் மகள் பெயரும் என் மருமகன் பெயரும்.

கல்யாணத்தில் விடைபெறுகிறவர்களுக்குத் தேங்காயும் வெற்றிலை பாக்கும் போட்டுக் கொடுத்த தாம்பூலப் பை அது. வருவார்கள் என்று நினைத்ததைவிடக் குறைவாகத்தான் வந்தார்கள். மிஞ்சிய பைகள் சமையலறை அலமாரியில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. எந்தத் தமிழ் வீட்டில்தான் இல்லை? பாசாருக்கு, தையல்காரரிடம், ஆஸ்பத்திரிக்கு, எங்கே போனாலும் மகளும் மருமகனும் கூடவே வருவார்கள். பார்த்துப் பார்த்து அந்தப் பெயர்கள் எங்கள் கண்ணில் படுவதே நின்றுபோயிருந்தது.

திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் விளக்குக் கம்பத்தின் உச்சியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“நாத்தம் தாங்கல, எங்கயாச்சும் கொண்டு போங்கன்னு நீதானே சொன்ன,” என்றார் மெதுவாக.

சொன்னது உண்மைதான். எங்கே போட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார் என்று எனக்கு உள்ளூரத் தெரிந்திருக்க வேண்டும். எதிர்வீட்டு மலாய்க்கார ஆன்டி கேட்டைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கத்தில் என் முகம் எரிந்தது. பையை மறைத்து எடுத்துப் போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் சொன்ன வாய் என் வாய். பெயர் வெளியே தெரியும்படி பையை மார்போடு பிடித்துக்கொண்டு நடந்துபோய் என் வாசலில் வைத்தேன். படம் எடுத்துக் குழுவில் போட்டு, “இது எங்க வீட்டுக் குப்பை. தப்பு எங்களோடது,” என்று எழுதினேன்.

அரை மணி நேரத்தில் கதவுகள் திறக்க ஆரம்பித்தன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வந்து, அவரவர் மூட்டையை எடுத்துக்கொண்டு போனார்கள். உரிமை கொண்டாட ஆளில்லாத ஏழெட்டு மூட்டைகளை மலாய்க்கார ஆன்டியும் நானும் பங்கு போட்டுக்கொண்டோம். ஆனாலும் வீட்டில் எத்தனை நாள் வைத்திருக்க முடியும்? நாளைக்கே மறுபடியும் கம்பத்தடிக்குத்தான் வரும்.

பக்கத்துத் தாமான் திடலில் குப்பைக்கென்று பெரிய இரும்புத் தொட்டி வைத்திருந்தார்கள். கொண்டுபோய்ச் சேர்க்க லோரி வேண்டும். லோரி வைத்திருப்பவர் செலாயாங் மொத்தச் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றி வரும் அங்கிள் ஒருவர்தான். கேட்டதும் கையை விரித்தார்.

“மூணாம் நாளு ஒரு வாட்டி ஏத்திட்டுப் போனேன். மீன் தண்ணி ஒழுகி லோரி முழுக்க நாத்தம். யாருதுன்னு கேட்டா ஒருத்தரும் வாயத் தொறக்கல. இப்ப என் முட்டைகோஸ மோந்து பாத்துட்டுத்தான் வாங்குறாங்க.”

“எல்லாரும் அவங்கவங்க கல்யாணப் பையில கட்டிக் குடுத்தா ஏத்துவீங்களா, அங்கிள்?”

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு சிரித்துவிட்டார். “ஒழுகுனா அந்தப் பேருக்காரங்க வாசல்லயே எறக்கிருவேன்.”

வியாழக்கிழமை மதியம் எங்கள் லோரோங்கின் அத்தனை கல்யாணங்களும் வீதிக்கு வந்தன. மஞ்சள் பை, மெரூன் பை, மயில் படம் போட்ட பை. மலாய்க்கார ஆன்டி தன் தம்பி கல்யாணத்தில் கொடுத்த பச்சைப் பைகளைக் கொண்டுவந்தார். பிரிந்துபோன ஒரு ஜோடியின் பைகூட வந்தது. மீன் செதிலை மூன்று பிளாஸ்டிக் உறைக்குள் முடிந்து, அதன்மேல் பையைப் போட்டுக் கட்டியிருந்தார்கள். தன் பிள்ளையின் பெயர் தெருவில் ஒழுகுவதை எந்த அம்மா விடுவாள்? அங்கிள் ஒவ்வொரு பெயராக வாசித்து ஏற்றினார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஷா ஆலாமிலிருந்து மகள் போன் செய்து, “என் கல்யாணத்த இப்படியாம்மா ஊர்வலம் விடுவீங்க?” என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை அதிகாரி வந்தபோது கம்பத்தடியில் பினாயில் வாசனை மட்டும்தான் இருந்தது. கம்பத்தைச் சுற்றி வந்தார், சாக்கடையை எட்டிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல், இரண்டு ஆப்பம் வாங்கி நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போனார். வரிசையில் நின்ற நாங்கள் அவர் மோட்டார் சைக்கிள் திருப்பத்தில் மறையும்வரை மூச்சுக் காட்டவில்லை. பிறகு யாரோ கை தட்ட, எல்லாரும் தட்டினோம். போரில் ஜெயித்தவர்கள்கூட அப்படி நிமிர்ந்து நின்றிருக்க மாட்டார்கள்.

என் முறை வந்தது. அக்கா எனக்கென்று ஓர் ஆப்பத்தில் தேங்காய்ப்பால் கூடுதலாகவே ஊற்றினார்.

“அந்த சிவப்புப் பை யாருதுன்னு எனக்கு மொத நாளே தெரியும்,” என்றார். “உங்க மக கல்யாணத்துக்கு நானும்தானே வந்தேன். அதே பை என் வீட்லயும் இருக்கு.”

“அப்பவே சொல்லியிருக்கலாம் இல்ல?”

“சொன்னா உங்க குப்பைய மட்டும் எடுத்துட்டுப் போயிருப்பீங்க.” மாவைக் கலக்கிக்கொண்டே, என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார். “நீங்களா கண்டுபிடிச்சா லோரோங்கையே கூட்டிருவீங்கன்னு தெரியும் லா.”

நான் இன்னும் ஓர் ஆப்பம் கேட்டேன்.