பெல்ட் போட்டு உட்கார்ந்த துப்பாக்கி

டாமரக் ஊரில் வெர்லின் ஹாக்லண்டுக்கு எதிரி என்று ஒருவன்கூடக் கிடையாது. ஒரே ஒருவன் இருந்திருந்தாலும் இந்தக் கதைக்கு ஒரு கம்பீரம் வந்திருக்கும். என்ன செய்வது, அவன் பார்த்த வேலை அப்படி. மாவட்டத்து மண்சாலைகளைக் கோடையில் கிரேடர் வண்டியால் சமப்படுத்துவதும், குளிர்காலத்தில் அதே சாலைகளில் பனியைத் தள்ளுவதும் அவன் பொறுப்பு. வீட்டு வாசல்வரை வந்து பனியைத் தள்ளிக் கொடுக்கிறவனை யார் பகைத்துக்கொள்வார்கள்? எதிரே வருகிற ஒவ்வொருவரும் ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்துவார்கள். வெர்லினும் உயர்த்துவான். மொன்டானாவில் எங்கள் பக்கத்து வணக்கம் அந்த ஒற்றை விரல்தான். அதையும் யாரும் முகத்தைப் பார்த்து உயர்த்துவதில்லை, வண்டியைப் பார்த்துத்தான். வண்டி தெரிந்தால் ஆள் தெரிந்த மாதிரி.

இத்தனை பேர் விரலை உயர்த்தும் இந்த அபாயகரமான சூழ்நிலையில் தன்னைக் காத்துக்கொள்வதற்காக, வெர்லின் தனது பழைய பச்சைப் பிக்கப் வண்டியில் ஒரு துப்பாக்கி வைத்திருந்தான்.

முதலில் அது பின்கண்ணாடியை ஒட்டிய மாட்டியில் தொங்கியது. சாலைக் குழிகளில் வண்டி குதிக்கும்போதெல்லாம் அவன் தொப்பியைத் தட்டிவிட்டது. குழிகளை மூடுவது அவன் வேலைதான். ஆனால் மூடவேண்டிய குழிக்குப் போகிற வழியில் அந்தக் குழி இருக்குமே. அதனால் துப்பாக்கியை இறக்கி, நீளமான முன்னிருக்கையில் ஜன்னலோரமாக உட்காரவைத்தான். பிரேக் போட்டால் அது முன்னால் சாய்ந்தது. எனவே அதற்கு சீட் பெல்ட் போட்டுவிட்டான். வெர்லின் தனக்கு என்றைக்கும் பெல்ட் போட்டுக்கொண்டதில்லை என்பதையும் இங்கே பதிவுசெய்வது வரலாற்றுக் கடமை.

அந்தத் துப்பாக்கி ஆற்றிய பணிகள் பல. பெட்ரோல் டேங்க் மூடியை அதன் அடிக்கட்டையால் தட்டித் திறந்திருக்கிறார்கள். பனி எவ்வளவு ஆழம் என்று அளந்திருக்கிறார்கள். ஈரக் கையுறைகளை அதில் காயப்போட்டிருக்கிறார்கள். சுடுவது என்ற சில்லறை வேலை மட்டும் அதற்கு வாய்க்கவில்லை.

விஷயம் இதோடு நின்றிருந்தால் நல்லது. வெர்லின் காதலில் விழுந்தான்.

மெயின் தெருவின் மேட்டுக்கோடியில் காபிக்கடை நடத்துகிற நடீன் மீதுதான். கணவனை இழந்தவள். மலைச்சரிவில் விளையும் ஹக்கிள்பெரிப் பழத்தைப் போட்டு அவள் செய்கிற கேக்கைச் சாப்பிட்டுவிட்டு ஊரில் பாதிப் பேர் அவளைக் கல்யாணம் செய்துகொள்ள நினைத்ததுண்டு. மீதிப் பேர் ஏற்கெனவே கல்யாணமானவர்கள், அவர்கள் இன்னும் தீவிரமாக நினைத்தார்கள். நடீன் துப்பாக்கிக்கு விரோதி என்று வெளியூர்க்காரர்கள் எண்ணிவிடக் கூடாது. வருடந்தவறாமல் இலையுதிர் காலத்தில் ஒரு எல்க் மானைச் சுட்டு, குளிர்காலம் முழுக்கச் சாப்பிடுகிறவள். வெர்லினைவிடக் குறி சுத்தம். அவளுடைய துப்பாக்கி வீட்டில், இரும்புப் பெட்டியில், பூட்டி இருக்கும்.

வசந்தத்தில் சாலையெல்லாம் சேறாகக் கிடந்த ஒரு காலையில் வெர்லின் தைரியத்தைத் திரட்டி, ஆகஸ்டில் வரும் திருவிழா நடனத்துக்குத் தன்னோடு வருவாளா என்று கேட்டான். எங்கள் ஊரில் நடுவயதுக்காரன் கேட்டால் அந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான், கல்யாணம். நடீன் கைகளைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து பிக்கப்புக்குள் எட்டிப் பார்த்தாள்.

"நான் எங்க உட்கார்றது?"

"நடுவுல உட்காரேன். எனக்கு இன்னும் பக்கத்துல இருப்ப."

"உனக்கும் துப்பாக்கிக்கும் நடுவுலயா? நான் என்ன பிணைக்கைதியா?"

"தற்காப்புக்கு நடீன். காலம் கெட்டுக் கிடக்கு."

"சரி. வண்டியைப் பூட்டுவியா?"

"பூட்டறதா!" வெர்லின் நிஜமாகவே புண்பட்டான். "யாராச்சும் அவசரத்துக்கு எடுக்கணும்னா என்ன பண்ணுவாங்க?"

"சாவி?"

"சாவி வண்டியிலயேதான் இருக்கு. வேற எங்க இருக்கும்?"

"அப்போ திருடன் வந்தா கதவு திறந்திருக்கும், சாவி தொங்கும், கூடவே ஒரு துப்பாக்கியும் இனாம். தோட்டா உள்ள இருக்கா?"

"சீச்சீ, அது ஆபத்தாச்சே. தோட்டா டேஷ்போர்டு பெட்டியில இருக்கு."

"பெட்டியைத் திற, பாக்கலாம்."

"அது சிக்கிக்கும். ஸ்க்ரூடிரைவர் வேணும்."

"ஸ்க்ரூடிரைவர் எங்க?"

வெர்லின் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். ஸ்க்ரூடிரைவர் பெட்டிக்குள் இருந்தது.

"இந்த சீட் எனக்கா, அதுக்கான்னு தீர்மானம் பண்ணிட்டு வா வெர்லின். அப்புறம் நடனத்தைப் பத்திப் பேசலாம்" என்று சொல்லிவிட்டு நடீன் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அந்தக் கோடை முழுவதும் காபிக்கடையில் வேறு பேச்சில்லை. வாகனத்தில் துப்பாக்கி வைப்பதன் தத்துவம், சட்டம், ஒழுக்கம் எல்லாம் முட்டைப் பொரியலோடு அலசப்பட்டன. மாட்டுப் பண்ணைக்கார டெல்மர் வெர்லின் பக்கம் நின்றான்.

"விட்டுக்கொடுக்காத வெர்லின். இன்னிக்கு துப்பாக்கியை எறக்கச் சொல்லுவா, நாளைக்கு நாயை எறக்கச் சொல்லுவா."

"என்கிட்ட நாய் இல்லையே."

"ஏற்கெனவே எறக்கிட்டியா? பாத்தியா, இப்படித்தான் ஆரம்பிக்கும்!"

வெர்லின் சமரசத்துக்கும் முயன்றான். இருக்கையின் முதுகுக்குப் பின்னால் உள்ள இடுக்கில் துப்பாக்கியைத் திணித்தான். அவசரத்துக்கு எடுக்க முடியுமா என்று ஊர் முன்னிலையில் ஒரு பரிசோதனை நடந்தது. கொள்ளைக்காரனாக டெல்மர். கழுத்துத் துணியை முகத்தில் கட்டிக்கொண்டு ஜன்னலருகே வந்து, "கையைத் தூக்கு!" என்றான்.

"ஒரு நிமிஷம்" என்றான் வெர்லின். கீழே இறங்கினான். இருக்கையை முன்னால் சாய்த்தான். முதலில் ஜாக்கி வந்தது. பிறகு சங்கிலி, கம்பளி, போன வருடத்துக் கையுறை. கையுறையைத் தேடிக்கொண்டிருந்ததால் அவனுக்கு மகிழ்ச்சிதான். துப்பாக்கி வெளியே வந்தபோது கொள்ளைக்காரன் கடைக்குள் வெர்லினின் நாற்காலியில் உட்கார்ந்து, வெர்லினின் கேக்கைத் தின்றுவிட்டு, வெர்லினின் காபியையும் முடித்திருந்தான்.

"உயிர் போயிருக்கும்டா உனக்கு" என்றான் வாயைத் துடைத்துக்கொண்டு.

தற்காப்பு என்றால் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும் என்பது நிரூபணமாகிவிட்டது. துப்பாக்கி மறுபடி ஜன்னலோரத்துக்கு வந்து பெல்ட் போட்டுக்கொண்டது. நடீன் அதைப் பார்த்தாள். அன்றைக்கு வெர்லினுக்குக் காபி ஊற்றினாள், சிரிக்கவில்லை. அவன் முகம் போன போக்கைப் பார்த்து டெல்மரே அன்று தத்துவம் பேசவில்லை.

திருவிழா வந்தது. அங்கே நடக்கும் கேக் போட்டிக்கு நடீன் தன் ஹக்கிள்பெரி கேக்குகளைச் செய்து முடித்த காலையில் அவளுடைய வேன் கிளம்ப மறுத்தது. வெர்லின் தன் பிக்கப்பைக் கொண்டுவந்து, முகப்பு மேட்டைப் பார்த்தபடி கடை வாசலில் நிறுத்தினான். கையால் இழுக்கிற பிரேக் அந்த வண்டியில் பேருக்குத்தான். கியரில் போட்டு நிறுத்துவதுதான் வழக்கம். பின்பக்கம் புழுதி பறக்கும் என்பதால் கேக்குகளை முன்னிருக்கையின் நடுவில் அடுக்கினான். சூடாக இருந்ததால் கண்ணாடிகளைக் கொஞ்சம் இறக்கிவிட்டான்.

நடீன் ஏப்ரனை அவிழ்த்துவிட்டு வந்து பார்த்தாள். ஸ்டியரிங் பக்கம் வெர்லினுக்கு. நடுவில் கேக்கு. ஜன்னலோரம், பெல்ட் போட்டபடி, அது.

"கேக்கு போய்ட்டு வரட்டும். நான் நடந்து வரேன்" என்று திரும்பிக் கடைக்குள் போய்விட்டாள்.

வெர்லின் பின்னாலேயே ஓடினான். "நடீன், இன்னிக்குக் கூட்டம் வரும். வெளியூர் ஆளுங்க வருவாங்க. இன்னிக்குன்னு பாத்து..."

"வெளியூர் ஆளுங்க உன் வண்டிக்குள்ள எதைத் திருட வருவாங்க? உன் கையுறையையா?"

அப்போது வாசலில் ஹாரன் அடித்தது. நீளமாக, இடைவிடாமல்.

ஜன்னலருகே இருந்த டெல்மர் எட்டிப் பார்த்தான். கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தான். "வெர்லின்," என்றான், மரியாதை கலந்த குரலில், "உன் வண்டியில ஆள் ஏறிட்டான்."

கரடி. ஓடைப் பக்கத்திலிருந்து அடிக்கடி வந்து கடையின் குப்பைத்தொட்டியைச் சோதனை போடுகிற அதே கறுப்புக் கரடி. எங்கள் பக்கத்துக் கரடிகளுக்குக் கார்க் கதவின் கைப்பிடியை இழுக்கத் தெரியும், பூட்டாத கதவாக இருந்தால் போதும். பூட்டிய கதவு எங்கள் ஊரில் ஏது? ஏறியதும் கதவு மேட்டுச் சரிவில் தானாகச் சாத்திக்கொண்டது. இப்போது கரடி ஓட்டுநர் இருக்கையில், ஹாரன் மேல் முழங்கையை ஊன்றி, கேக்கில் முகம் புதைத்து உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் துப்பாக்கி.

ஆயுள் முழுவதும் எதிர்பார்த்த தருணம் வெர்லினுக்கு வந்தேவிட்டது. அவன் முகம் சிவந்தது. மார்பு விரிந்தது. "என் துப்பாக்கி எங்க?" என்று கர்ஜித்தான்.

"கரடிகிட்ட" என்றாள் நடீன்.

"டெல்மர்! உன்னோடது?"

"என் வண்டியில இருக்கு."

"வண்டி எங்க?"

"மச்சான் எடுத்துட்டுப் போயிட்டான் போல. சாவிதான் அதுலயே இருக்குமே."

இந்த ஆலோசனை நடக்கும்போதே கரடி அடுத்த கேக்குக்காகத் திரும்பியது. பின்னங்கால் கியரைத் தட்டி விடுவித்தது. பச்சைப் பிக்கப் ஒரு பெருமூச்சு விட்டு, பின்னோக்கி நகர ஆரம்பித்தது.

மெயின் தெரு நேர்த்தெரு. சரிவும் அவ்வளவு செங்குத்தல்ல. வண்டி ஒரு ஊர்வலத்தின் நிதானத்தோடு இறங்கியது. தெருவோரம் கூடியிருந்தவர்கள் வெர்லினின் பிக்கப்பைக் கண்டார்கள். ஒற்றை விரலை உயர்த்தினார்கள். கிரேடர் ஓட்டுகிறவன் ரிவர்ஸில் போவதை யார் அதிசயமாகப் பார்ப்பார்கள்? தேவாலயப் படியில் நின்ற பாஸ்டர் ஊல்ரிக் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே முழுக்கையையும் உயர்த்தி ஆட்டினார். கரடி அவரைப் பார்த்தது. பதில் வணக்கம் சொல்லாமல் போனது. பின்னாலேயே வெர்லின், நடீன், டெல்மர் மூவரும் மூச்சிரைக்க ஓடினார்கள். திருவிழா ஓட்டப்பந்தயம் சீக்கிரம் ஆரம்பித்துவிட்டதோ என்று சிலர் கைதட்டினார்கள்.

தெருக்கோடியில், திருவிழாத் திடலின் நுழைவாயிலில் அடுக்கியிருந்த வைக்கோல் கட்டுகளில் முட்டி வண்டி நின்றது. ஹாரனும் ஒருவழியாக நின்றது.

"யாரும் கிட்டப் போகாதீங்க" என்றாள் நடீன். குதிரைக்காரர் ஒருவரிடம் நீளமான கயிறு வாங்கினாள். ஓசையில்லாமல் போய் ஓட்டுநர் பக்கத்துக் கைப்பிடியில் முடிச்சுப் போட்டுவிட்டு, அவருடைய குதிரை வண்டிக்குப் பின்னால் வந்து ஒரு இழு இழுத்தாள். கதவு திறந்தது. கரடி இறங்கியது. வாயெல்லாம் ஊதா. சுற்றிலும் ஒருமுறை பார்த்தது, நடுவர் முடிவைச் சொல்கிற தோரணையில் நாக்கால் மூக்கை நக்கியது, ஓடையோரப் புதருக்குள் போய்விட்டது. கூட்டம் ஆரவாரித்தது. அந்த வருடத்துப் போட்டியில் நடீனின் கேக்கை ருசி பார்த்த ஒரே நடுவர் அதுதான்.

வெர்லின் வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். ஓட்டுநர் இருக்கை பஞ்சு பஞ்சாகப் பிய்ந்திருந்தது. ஸ்டியரிங்கில் பல் பதிந்திருந்தது. எந்த மனிதனுக்கும் மசியாத டேஷ்போர்டு பெட்டி வாய்பிளந்து கிடந்தது. தோட்டாக்களும் ஸ்க்ரூடிரைவரும் தரையில். துப்பாக்கி மட்டும் பெல்ட்டுக்குள் ஒரு கீறலும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. தற்காப்பு என்றால் அதுதான். தன்னைத் தான் காத்துக்கொண்டது.

"உள்ள மட்டும் தோட்டா இருந்திருந்தா..." என்று டெல்மர் ஆரம்பித்தான்.

"இருந்திருந்தா கரடி நம்மளச் சுட்டிருக்கும்" என்றாள் நடீன்.

வெர்லின் மறுபக்கம் போய்க் கதவைத் திறந்தான். பெல்ட்டைக் கழற்றினான். துப்பாக்கியை எடுத்து, காலியாக இருக்கிறதா என்று பார்த்து, டெல்மர் கையில் கொடுத்தான்.

"இதைக் கொண்டுபோய் நடீன் வீட்டு இரும்புப் பெட்டியில, அவ துப்பாக்கி பக்கத்துல வெச்சுடு."

"என் வீட்டுப் பெட்டியிலயா?" நடீன் இடுப்பில் கைவைத்தாள். "யாரைக் கேட்டு?"

"உன்னைத்தான்" என்றான் வெர்லின். காது நுனிவரை சிவந்துபோனான். "அதைத்தான் இப்ப கேக்கறேன்."

டெல்மர் துப்பாக்கியை ஏந்தியபடி, வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு நின்றான்.

நடீன் ஜன்னலோர இருக்கையைப் பார்த்தாள். ஹக்கிள்பெரிச் சாறு படிந்திருந்தது. வெர்லின் தொப்பியைக் கழற்றி அதைத் துடைத்தான். கறை தொப்பிக்கும் வந்ததே தவிரப் போகவில்லை. அவள் தன் நல்ல பாவாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

"உனக்கும் போட்டுக்க. இல்லன்னா இறங்கிடுவேன்."

வெர்லின் பஞ்சின் மேல் உட்கார்ந்து, பிறந்ததிலிருந்து தொடாத தன் பெல்ட்டைத் தேடினான். அது நடீன் கைக்குத்தான் முதலில் அகப்பட்டது. அந்த நேரம் பார்த்து பாஸ்டர் ஊல்ரிக் மூச்சுவாங்கிக்கொண்டு வந்து ஜன்னலில் கைவைத்தார். மனசு நொந்திருந்தார்.

"ஏம்ப்பா வெர்லின், இத்தனை வருஷப் பழக்கம். இப்பதான் அவ்வளவு கையாட்டினேன், மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போனியே?"

"அய்யோ பாஸ்டர், அப்ப ஓட்டினது நான் இல்ல."

பாஸ்டர் கண்ணாடியைச் சரிசெய்து உள்ளே குனிந்து பார்த்தார்.

"அதானே பாத்தேன். அப்போ ஓட்டினவர் பக்கத்துல ஒரு ஒல்லியான ஆள் விறைப்பா உக்காந்திருந்தார். அவர் எங்க?"

"எறங்கிட்டார்" என்றாள் நடீன். "நீங்களும் தேவாலயமும் சனிக்கிழமை சும்மாதானே இருக்கீங்க, பாஸ்டர்?"